எல்லா வீட்டுக்கும் சொந்தமான ஸ்டெல்லா டீச்சர்

ஜெயந்தி அக்கா, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கான கட்டுரையை நீங்கள் கேட்ட நாள் கடந்து, அதுவும் இந்த நடுச்சாமத்தில் எழுதி அனுப்புவதற்கு மன்னியுங்கள். பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். அவளுடைய பிறப்புப் பதிவுப் படிவமும் இதே மேசையில் கிடக்கிறது. ‘தாயின் இனம்’ என்ற கட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு என் பக்கத்தில் வந்து நிற்பதாகச் சொன்னவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர் போன செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. காலையில் பேக்கரிப் பாண் விற்கும் ஆட்டோ வரவில்லையே என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு அக்கா, “பேக்கரியே பூட்டியிருக்கு. ஸ்டெல்லா டீச்சர் ராத்திரி போயிட்டாங்களாம். ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?” என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. ஆறு வருடம் ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான். அழுவதற்கு முன் எனக்கு வந்தது கோபம்தான்.

நம் ஊர் உங்களுக்குத் தெரியும். ஒரே தெரு. மேல் முனையில் சிங்களவர்களின் பேக்கரி, நடுவில் ஹாஜியாரின் துணிக்கடை, கோயிலடியில் நம்மவர்களின் பலசரக்குக் கடைகள், ஆற்றோரம் பழைய தொழிற்சாலை மெக்கானிக், ஐரோப்பிய வழிவந்த பறங்கியரான ரொபர்ட் ஐயா. ஸ்டெல்லா டீச்சர் டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரத் தமிழர், வேறொன்றுமில்லை. ஆனால் பேக்கரி சுமனா அவரை “அப்பே டீச்சர்”, எங்கள் டீச்சர், என்பார். ஹாஜியாரின் மனைவி நோன்புக் கஞ்சியை முதலில் அவர் வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்புவார். அவருடன் தெருவில் நடந்தால் நாலு கடை தாண்ட அரை மணி நேரம் பிடிக்கும். பக்கத்தில் நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பேராதனையில் புவியியல் பட்டம் வாங்கியவள் நான். அவர் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையோடு நிறுத்தியவர். அதை மனதில் சொல்லிக்கொண்டுதான் அந்த அரை மணி நேரத்தைக் கழிப்பேன்.

பள்ளிக் கண்காட்சிக்கு ‘எங்கள் ஊர் மக்கள்’ என்று பெரிய வட்ட வரைபடம் ஒன்று போட்டேன். பிரதேச செயலகத்தில் எண்களை எடுத்து, இனத்துக்கு ஒரு வண்ணம் கொடுத்தேன். ஊரே வந்து அதன் முன்னால் நின்றது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. ரொபர்ட் ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “மிஸ், இதுல நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டார். நூல் போன்ற சாம்பல் நிறக் கீற்றைக் காட்டினேன். ‘ஏனையோர்’ என்று எழுதியிருந்தது. “ஆ, அம்புட்டுத்தானா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளே பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். “ஏனையோர் ஐயா வாறாரு, ஒதுங்குங்கடா,” என்று பாலத்தடியில் கத்தினார்கள். ஸ்டெல்லா டீச்சர் என்னிடம், “வாங்க, போய் அவருக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவோம்,” என்றார். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது, எதற்கு நான் போக வேண்டும் என்று கேட்டேன். “கணக்கு சரிதான் மிஸ். ஆளுகிட்ட கேக்காம போட்டுட்டீங்க, அதான்.” அவ்வளவுதான் சொன்னார். கத்திய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவரே போனார். அம்மா யார், அம்மாயி யார், எங்கிருந்து வந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கக் கேட்க, ரொபர்ட் ஐயா சொல்லியிருக்கிறார். அவருடைய அம்மாவைப் பெற்றவர் ராகலையில் கொழுந்து பறித்தவராம். அதன்பிறகு பிள்ளைகளுக்கு அவர் மாமா. வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் உடைந்த வாங்குகளைத் திருத்த அவர் பள்ளிக்கு வந்து போகத் தொடங்கினார். டீச்சருடன் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார். எனக்கு “குட் மோர்னிங்” மட்டும்தான். என் பிழையால் கிடைத்த உறவும் டீச்சருக்கே போய்ச் சேர்ந்ததே என்று அப்போதெல்லாம் எரிச்சலாக இருந்தது.

நான் பிள்ளை உண்டாகியிருந்தபோது, படிவத்தில் என்ன எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. என் பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்று இருக்கிறது. நான் இந்தியாவைப் பார்த்ததுகூட இல்லை. என் வீட்டுக்காரருடையதில் இலங்கைத் தமிழர் என்று இருக்கிறது. மாமனார் அன்று அப்படிச் சொல்லிப் பதிந்தாராம். “நீயும் அதையே போட்டுரு. நாளைக்குக் கொழும்புல வேலைக்குப் போற பிள்ள, எதுக்கு வம்பு?” என்கிறார் இவர். எனக்கு மலையகத் தமிழர் என்றே எழுத வேண்டும். பதிவாளர் சிங்களவர், நல்ல மனிதர்தான், ஆனால் தோட்டத்து முகவரியைக் கண்டால் கேட்காமலே இந்தியத் தமிழர் என்று எழுதிவிடுவார். என் சிங்களம் கடையில் சாமான் வாங்கப் போதும், வாதாடப் போதாது. இதை டீச்சரிடம் சொன்னபோது சிரித்தார். “நானும் வாறேன். அவரு கேக்காம பேனாவ எடுத்தாருன்னா நான் இருமுவேன். நீங்க ஒடனே சொல்லிருங்க.” நீங்களே பேசுங்களேன் என்றேன். “அது நான் சொல்ற வார்த்தையில்ல மிஸ். ஒங்களது.”

செத்த வீட்டில் ஹாஜியார் கடை பூட்டிவிட்டு வந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். சுமனா பேக்கரியில் சுட்ட பணிஸ் தட்டுகளோடு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தார். ரொபர்ட் ஐயா பெட்டிக்குத் தோள் கொடுத்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். சுமனா என்னைப் பார்த்து, “நீங்க டீச்சர்கிட்ட படிச்சதா?” என்று கேட்டார். ரொபர்ட் ஐயாதான், “இல்ல சுமனா, நம்ம வட்டம் போட்ட மிஸ்,” என்றார். கேலி இல்லை, அப்படித்தான் என்னை அவருக்குத் தெரியும். இத்தனை பேர் உரிமையோடு அழுத அந்த வீட்டில் எனக்கு எந்தப் பங்கும் இல்லாதது போலிருந்தது.

மலரில் எல்லாரும் அவருடைய அன்பைப் பற்றி எழுதியிருப்பார்கள். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது பொறாமைதான். அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. நான் போகாத வீடுகளுக்கு அவர் போனார், நான் கேட்காததை அவர் கேட்டார். நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகவில்லை. இப்போது உங்களிடம் கேட்கிறேன், இந்தக் கட்டுரையை நீங்கள் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதிவாளர் கந்தோருக்கு என்னோடு வர முடியுமா அக்கா? பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன், சிங்களத்தில் தடுமாறினால் மட்டும் உதவுங்கள். வருவீர்களா இல்லையா என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.