கேட்டு வாங்கும் பெயர்

"நம்ம ஆளு!" என்று கத்தியைப் பலகையில் ஓங்கிக் குத்துகிறாள் காசில்டா புஸ்தமாந்தே. வானொலியில் யாரோ ஒரு புஸ்தமாந்தே கோல் போட்டுவிட்டான். சாந்தாந்தேர் மீன்சந்தைக்குப் புதிதாக வந்தவர்கள், கோல் போட்டவன் இவளுடைய சித்தப்பா பிள்ளை என்றே நினைப்பார்கள்.

உறவாவது மண்ணாவது! அந்தக் குடும்பப் பெயர் இருந்தால் போதும், அவளுக்குச் சொந்தம்தான். மெக்சிகோவை ஆண்ட ஜனாதிபதி, தொலைக்காட்சிப் பாடகர், ஜமைக்காவின் முதல் பிரதமர் எல்லோரும் நெத்திலி நிறுக்கும்போது பேச்சில் வந்து போவார்கள்.

"அந்தப் பிரதமருக்குப் பொறந்தப்ப வேற பேருடி. பின்னாலதான் இத வச்சுக்கிட்டாராம்" என்று கணவர் எலாதியோ கோமெஸ் ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"பாத்தியா! கேட்டு வாங்கி வச்சுக்கற பேருய்யா எங்களது. உன்னோடது? தெருவுல கல்ல விட்டா ஒரு கோமெஸ் மேலதான் விழும்."

"நீ விட்ட கல்லுதானே என் மேல விழுந்துச்சு" என்று சிரித்தபடி அவர் செதில் சுரண்டினார்.

இத்தனை வாய் பேசுகிறவளுக்கு ஒரே ஒரு கவலை. எங்கள் பக்கத்தில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர். வழக்கமாக முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. பெற்றவர் ஒவ்வொருவரிடமிருந்தும் பிள்ளைகளுக்கு இறங்குவது அந்த முதல் பெயர் மட்டும்தான். மகள் நோயேலியா கோமெஸ் புஸ்தமாந்தேவுக்கு இது எட்டாம் மாதம். அவளிடமிருந்து பிள்ளைக்குப் போகப்போவது கோமெஸ்! காசில்டாவுக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. பெயர் மகளோடு சரி. அதை நினைத்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

நேற்று நோயேலியா வயிற்றைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தாள். கையில் பதிவு அலுவலகத்துக் காகிதம். "என் பேர முன்னபின்ன மாத்திப் போட்டுட்டேம்மா. இனிமே நான் நோயேலியா புஸ்தமாந்தே கோமெஸ். பாப்பாவுக்கும் உன் பேருதான் வரும்."

காசில்டா போடப்போகும் கூச்சலுக்குச் சந்தையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவளோ எலாதியோவைப் பார்த்தாள்.

"நல்ல காரியம்மா, ரொம்ப நல்ல காரியம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, சுரண்டி முடித்த மீனையே அவர் மறுபடி சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இங்க பாருய்யா" என்று அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தாள் காசில்டா. ஈரமாயிருந்த அவர் விரலைத் தன் பாவாடையில் துடைத்தாள். காகிதத்தில் கோமெஸ் என்று இருந்த இடத்தில் அந்த விரலை வைத்து, எடுக்கவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.