ஜெசிந்தாவின் சம்மனசுகள்

காலையில் விளக்கேற்றி முடித்து எழுந்தபோது அருள் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, ஜெசி போயிட்டாக்கா" என்றார். விடியும் நேரத்தில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டதாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. முந்தைய நாள் சாயங்காலம் அவள் அனுப்பிய குரல் பதிவு அப்போதும் என் கைபேசியில் இருந்தது. "கோமதிக்கா! போட்டுட்டா! இலை பூரா முட்டை! இந்த வாட்டி புருஷன்காரனும் ஒழுங்கா காவல் நிக்கிறான். நாளைக்கு வா, காப்பி குடிச்சிக்கிட்டே பாக்கலாம்."

நம் மீன்தொட்டி வட்டத்துக்கு ஜெசிந்தாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாதம் ஒரு ஞாயிறு மல்லேஸ்வரத்தில் சுந்தரமூர்த்தி சார் வீட்டு மாடியில் கூடுவோமே, படியில் ஏறும்போதே அவள் பேச்சு மேலே வந்துவிடும், ஆள் பிறகுதான் வருவாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவள். ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. அருள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அடுக்குமாடிக்கே வந்து சேர்ந்தாள். நான் முருகனைக் கும்பிடுகிறவள், அவள் மாதாவைக் கும்பிடுகிறவள். எங்களைச் சேர்த்து வைத்தது தொட்டிதான்.

அஞ்சலி என்றால் கனத்த மனதோடு எழுத வேண்டும் என்பார்கள். அவளை நினைத்து உட்கார்ந்தால் எனக்குக் கனம் வருவதில்லை, படபடப்புதான் வருகிறது. அவள் அப்படிப்பட்டவள், நான் என்ன செய்ய!

எங்கள் முதல் பேச்சே ஒரு திட்டுதான். வெள்ளிக்கிழமைதோறும் பூஜைப் பாத்திரங்களைப் புளிபோட்டுத் துலக்குவேன். வீட்டில் ஒரு சின்ன மீன்தொட்டி இருந்தது. உயிர் இருக்கும் இடமாயிற்றே, அதுவும் சுத்தமாக இருக்கட்டும் என்று மீன்களை வாளியில் விட்டுவிட்டு, தொட்டி, மணல், ஃபில்டரின் பஞ்சு என்று எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்து, குழாய்த் தண்ணீரை நிரப்புவேன். மீன்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை ஏதோ சந்தா வாங்க வந்த ஜெசிந்தா, வாசலில் நின்றபடியே இதைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா பண்ற? மீனை வளர்க்கச் சொன்னா தொட்டிக்கு அபிஷேகம் பண்ணிக்கிட்டு இருக்க?"

"அழுக்கா இருக்கேம்மா."

"அழுக்கில்லக்கா அது, கண்ணுக்குத் தெரியாத உசிரு! மீனோட கழிவைத் தின்னுட்டு தண்ணியை நல்லதாக்குற உசிரு. நீ வாராவாரம் அதைக் கொன்னுட்டு, அப்புறம் மீனையும் கொல்ற." சந்தாவை மறந்து உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாளே தன் தொட்டியிலிருந்த பழைய பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, ஈரம் காயாமல் டப்பாவில் கொண்டுவந்து என் ஃபில்டரில் செருகினாள். "தயிருக்கு உறை ஊத்துறல்ல? இதுவும் அதேதான்" என்றாள். எத்தனை புத்தகம் புரட்டியிருந்தாலும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது. ஆனால் உறை ஊற்றிய பிறகும் மீன் விடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மணல், செடி, விளக்கு, தண்ணீர் எல்லாம் தயார், மீன் மட்டும் இல்லை! வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் குனிந்து தேடினார்கள். "தண்ணி மட்டும் வளர்க்கிறீங்களா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள். தினமும் ஜெசிந்தாவை நச்சரித்தேன். "ஆட்டி ஆட்டிப் பாத்தா தயிர் உறையுமா? சும்னே இருக்கா" என்பாள். சும்மா என்று சொல்ல அவள் நாக்குக்கு வராது, கன்னடத்துச் 'சும்னே'தான் வரும். தண்ணீரில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால், நஞ்சு இருக்கும்வரை பச்சை வரும். சோதனைக் குழாய் பச்சை வராமல் மஞ்சளாகவே நின்ற அன்று, அந்தக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுவதும் ஓடினாள். பார்த்தவர்கள் லாட்டரி விழுந்ததாக நினைத்திருப்பார்கள். அன்று மாலையே மீன் விட்டோம்.

தண்ணீர் மாற்றிய நாள், போட்ட தீனி, தண்ணீரின் சூடு எல்லாவற்றையும் நான் மளிகைக் கணக்கோடு எழுதி வைப்பேன். "மீனுக்கு இன்கம்டாக்ஸ் கட்டப் போறியாக்கா?" என்று கேட்டுச் சிரிப்பாள். தன் தொட்டியில் ஏதாவது கோளாறு என்றாலோ, "உன் கணக்கைக் கொஞ்சம் பாருக்கா, போன மழைக்கு என்ன பண்ணோம்?" என்று முதல் ஆளாக வந்து நிற்பாள்.

லாரித் தண்ணீருக்கு நாங்கள் எல்லோரும் அலைந்த அந்தக் கோடையை மறக்க முடியாது. மனிதருக்கே தண்ணீர் இல்லாதபோது மீனுக்கு எதற்கு என்று குடியிருப்புக் கூட்டத்தில் செயலாளர் குரலை உயர்த்தினார். ஜெசிந்தா பதிலுக்குக் கத்தவில்லை. அவரைக் கையோடு கீழே அழைத்துப்போய்க் கறிவேப்பிலைச் செடிகளைக் காட்டினாள். மற்ற செடியெல்லாம் வாடிக் கிடக்க, அவை மட்டும் தளதளவென்று நின்றன. "இது எங்க தொட்டியோட பழைய தண்ணி சார். உங்க வீட்டு ரசத்துல வாசனை எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சீங்க?" செயலாளர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரே தன் பூந்தொட்டிக்கு வாளி கொண்டுவர ஆரம்பித்தார்.

அவளுடைய பெரிய ஆசை எதுவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் இருந்தது. ஏஞ்சலுக்கு மாதா கோயிலில் பழகிய வார்த்தையாக அவற்றைச் 'சம்மனசுங்க' என்றுதான் சொல்வாள். அந்த மீன் முட்டையிட்டால் நாம் எல்லோரும் என்ன செய்வோம்? இலையோடு வெட்டியெடுத்துத் தனி ஜாடியில் போட்டு, மருந்து கலந்து பொரிக்க வைப்போம். விட்டுவைத்தால் பெற்றவையே தின்றுவிடும். ஜெசிந்தா மட்டும் எடுக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெற்ற ஜோடியே காத்து வளர்ப்பதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் அவளுக்கு. ஒவ்வொரு முறையும் மறுநாள் இலை காலியாகத்தான் இருக்கும்.

"என்ன மேடம், சம்மனசுங்க டிபன் முடிச்சாச்சா?" என்று சுந்தரமூர்த்தி சார் கேட்பார்.

"முடிச்சாச்சு சார். அடுத்த வாட்டி நல்லா வளர்ப்பாங்க."

"எப்படி வளர்ப்பாங்க? அதுங்களுக்குத் தெரியாது மேடம்."

"பழகிக்குவாங்க சார். கல்யாணமான அன்னைக்கே எனக்குச் சமைக்கத் தெரிஞ்சிருந்துச்சா? நான் வெச்ச சாம்பாரைத் தின்னுட்டு அருள் உசிரோட இல்ல?"

மாடியே அதிரும். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவளும் அவளே.

சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் தொட்டியைத்தான் தேடியது. மன்னித்துவிடுவாள், அவளும் அதைத்தான் செய்திருப்பாள். அவளைக் கிடத்தியிருந்த ஹாலிலேயே தொட்டியும் இருந்தது. ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று யாரோ ஃபில்டரை நிறுத்தியிருந்தார்கள். கூட்டமும் நடமாட்டமும் தாங்காமல் ஜோடி மீன்கள் மிரண்டு மிரண்டு இலையைச் சுற்றின. மிரண்டால் முட்டையைத் தின்றுவிடும். ஸ்விட்சைப் போட்டேன். அருள் தம்பியிடம் ஒரு போர்வை கேட்டு வாங்கித் தொட்டியின் முன்பக்கத்தை மூடினேன்.

"அதுங்களுக்கும் துக்கமா?" என்றார் ஓர் அத்தை.

"இல்லைங்க, பேறுகாலம்" என்றேன். அழுதுகொண்டிருந்த ஜெசிந்தாவின் மகள் தலைநிமிர்ந்து சிரித்துவிட்டாள்.

அடக்கம் முடிந்த அன்றே சுந்தரமூர்த்தி சார் அழைத்தார். "அம்மா, அந்த முட்டையை எடுத்துடலாம். ஒவ்வொரு வாட்டியும் போன மாதிரி இதுவும் போயிடக் கூடாது. அவங்க ஞாபகமா நாலு குஞ்சாவது நமக்கு மிஞ்சட்டும். ஜாடி, மருந்து எல்லாம் நானே கொண்டுவரேன்." கிண்டல் செய்த மனிதரும் அவர்தான்! எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவள் கையால் வளர்ந்த மீனின் கடைசி முட்டை. எடுத்தால் பிழைக்கும் என்பது அநேகமாக நிச்சயம். விட்டால் அவள் சொன்னபடி நடக்க வேண்டும், அதுவோ ஒரு தடவைகூட நடந்ததில்லை.

அருள் தம்பியிடம் கேட்டேன். மீன் என்றால் அவருக்குக் குழம்புதான், தொட்டிப் பக்கமே வராதவர். "அவ இருந்தா என்ன பண்ணுவாக்கா?" என்றார்.

"ஒண்ணும் பண்ண மாட்டா. நாற்காலியைப் போட்டுப் பாத்துக்கிட்டு இருப்பா."

"அப்ப நாற்காலி போடறேன்" என்று எழுந்து போனார்.

சுந்தரமூர்த்தி சார் ஜாடியோடு வந்து சேர்ந்தபோது நானும் அருள் தம்பியும் தொட்டிமுன் உட்கார்ந்திருந்தோம். போர்வையை மெல்ல விலக்கினேன். இலை பாதிக்குமேல் காலி. எங்கள் கண்முன்னே பெண்மீன் இலையில் வாய் வைத்தது, ஒட்டியிருந்தவற்றைக் கொத்தியது, மறுபடி கொத்தியது. அதன் வாய் உப்பிப் போயிருந்தது.

"போச்சாக்கா?" என்றார் அருள் தம்பி.

சுந்தரமூர்த்தி சார் ஜாடியின் மூடியைத் திறந்தார். "மிச்சத்தையாவது…" என்று கையை நீட்டினார். அதற்குள் பெண்மீன் திரும்பி, தொட்டியின் மறு ஓரத்திலிருந்த இன்னொரு இலைக்குப் போய், வாயிலிருந்ததைத் துப்பியது. துப்பியது! பொட்டுப் பொட்டாக அந்தப் புது இலையில் ஒட்டிக்கொண்டு, மயிரிழை போன்ற வால்கள் துடித்தன. முட்டை பொரிந்து குஞ்சாகியிருந்தது! ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. ஆண்மீன் பாய்ந்து வாயில் பிடித்து, அதையும் கொண்டுபோய் அங்கேயே ஒட்டியது.

"தின்னல! தூக்கிட்டுப் போறாங்க!" என்று நான் கத்திவிட்டேன். சாவு வீடு என்பதே நினைவில் இல்லை. உள்ளறையிலிருந்து மகள் ஓடிவந்தாள், அந்த அத்தையும் வந்தார். "வாயில வெச்சா?" "விழுங்கிடாதா?" "அங்க பாரு, இன்னொண்ணு!" என்று ஒரே கூச்சல்.

சுந்தரமூர்த்தி சார் ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு முழங்காலிட்டு உட்கார்ந்தார். "சுத்தமான இலையாப் பாத்து இடம் மாத்துறாங்கம்மா. இப்படிச் செய்யும்னு படிச்சிருக்கேன். ஒரு தடவையும் பாத்ததில்ல" என்றார். பிறகு மெதுவாக, "எப்படிப் பாத்திருப்பேன்? நான்தான் முதல் நாளே எடுத்துடுவேனே" என்றார்.

குஞ்சுகள் இப்போது நீந்துகின்றன. பெற்ற ஜோடி முன்னும் பின்னுமாகப் போக, நடுவில் ஒரு புகைத்திரள்போல் குஞ்சுகள் நகர்வதைப் பார்க்க எங்கள் கட்டடத்தில் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தொட்டியை நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, அருள் தம்பி கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். தீனி எவ்வளவு, தண்ணீர் எப்போது என்று தினமும் கேட்கிறார். சந்தோஷமாகச் சொல்கிறேன். அது அவரிடம் இருப்பதுதான் சரி.

ஜெசிந்தாவிடமிருந்து எனக்கென்று வந்தது வேறு. நான் சாமி முன்னால் நின்றால் வேண்டுதலாகவே நிற்பவள். இன்னாருக்கு இது, அவருக்கு அது என்று ஒன்றுவிடாமல் கேட்டு முடித்தால்தான் நகர்வேன். அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும், முருகா, இதைக் காப்பாற்று என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அதற்குப் பிறகு, தினமும் விளக்கேற்றியதும் கொஞ்ச நேரம் அவனிடம் எதையும் கேட்காமல் அவன் முகத்தையே பார்த்து நிற்கிறேன். அடுத்து என்ன காட்டப்போகிறானோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.