பிரேக் அக்காவுக்கு வராத மாதங்கள்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. கற்றுக்கொடுக்க அவள் உட்காரும் பக்கத்து இருக்கையில், காலடியில் தனி பிரேக் ஒன்று உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், தயவு தாட்சண்யம் பார்க்காமல் அதை மிதிப்பாள்.

சில மாதங்களாக மாதவிலக்கு வராததை அவள் சலுகையாகவே எடுத்துக்கொண்டாள். நாள் முழுக்கக் காருக்குள் கிடக்கிறவளுக்குத் தொல்லை விட்ட மாதிரி. சினைப்பையில் நீர்க்கட்டி என்று கல்யாணத்துக்கு முன்பே ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அப்புறம் மகளும் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததால், அந்தப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

மாமியார் சும்மா இருப்பாரா? குளியலறையில் நாப்கின் பாக்கெட் பிரிக்கப்படாமலே கிடப்பதைப் பார்த்துத் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். பேத்தியின் பழைய தொட்டில் பரணிலிருந்து இறங்கியது.

"அத்தே, ஒண்ணும் இல்ல. சும்மா தள்ளிப்போகுது."

"எனக்கா தெரியாது? வாயை மூடிக்கிட்டு நல்லா சாப்பிடு."

வீட்டில் சோதித்ததில் ஒற்றைக் கோடுதான் வந்தது. "அந்தக் குச்சிக்கு என்ன தெரியும்?" என்று மாமியார் அவளை ஸ்கேனுக்கு இழுத்துப்போனார்.

"எத்தனை மாசம் டாக்டரம்மா?"

"குழந்தை இல்லம்மா. கர்ப்பப்பையோட உள்சுவர் தடிச்சிருக்கு."

மாமியாரின் முகம் தொங்கிப்போனது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "மாசாமாசம் முட்டை வெளிய வந்தாத்தான் அந்தச் சுவரை அடக்கி, உதிர வைக்கிற ஹார்மோன் சுரக்கும். இவங்களுக்கு முட்டை சரியா வர்றதில்ல. வளரச் சொல்ற ஹார்மோன் மட்டும் விடாம வேலை பாக்குது. அதான் உதிராம வளர்ந்துக்கிட்டே போகுது."

"வராதது நல்லதுன்னுல்ல நினைச்சேன்!" என்றாள் பிரேக் அக்கா.

"இப்படியே வருஷக்கணக்கா விட்டா கெட்ட செல் உண்டாகலாம். அந்தச் சுவர்லருந்து துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. பயிற்சிப் பள்ளியின் வாசல் தூணில் கார் உரசியபோதுதான், பிரேக்கை மிதிக்க மறந்தது அவளுக்கே உறைத்தது. தொட்டிலை மாமியார் சத்தமில்லாமல் பரணில் ஏற்றிவிட்டார். பரிசோதனையில் கெட்டது எதுவும் இல்லை என்று தெரிந்ததும் முதலில் அழுததும் அவர்தான்.

உதிர வைக்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை இலாகா மாமியாரின் கைக்குப் போனது. மாத்திரைகள் முடிந்த மறுநாளிலிருந்து ஓயாமல் போன் செய்ய ஆரம்பித்தார்.

ஒரு பல் டாக்டருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோதும் போன் வந்தது. அவசரத்தில் அவள் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"வந்துடுச்சா?"

"காலையிலேயே வந்துடுச்சு அத்தே!"

"நிறையவா?"

"நிறையத்தான். வைங்க, அப்புறம் பேசறேன்."

பல் டாக்டர் மெல்லத் திரும்பினார். "என்ன மேடம், பார்சலா?"

"ஆமா சார். ரொம்ப நாளா தேங்கிக் கிடந்தது. நீங்க ரோட்டைப் பாருங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். அவள் வலிக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.