அண்ணன் பீடியை விட்டிருந்த நாட்கள்

புகைப்பழக்கத்தை விட வைக்கும் மருந்தை விற்பதுதான் என் வேலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புதுக்கோட்டை, கீரனூர், கந்தர்வகோட்டை, ஆலங்குடி என்று பைக்கில் சுற்றுவேன். டாக்டர்களின் அறை வாசலில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்து, கிடைக்கிற இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவேன். சிகரெட் நினைப்பு வரும்போது வாயில் போட்டுக்கொள்கிற சூயிங்கம் அது. அதில் கொஞ்சம் நிகோட்டின் இருக்கும். புகை இல்லாமல் அதை மட்டும் சிறுகச் சிறுகக் கொடுத்து, பிறகு அதையும் குறைத்து ஆளை மீட்டுவிடலாம் என்பது ஏற்பாடு.

திருச்சியில் ஒரு ஓட்டல் ஹாலில் எங்களுக்கு வருஷக் கூட்டம் நடக்கும். ஒரு கூட்டத்தில் மேனேஜர் திரையில் மேலே மேலே ஏறுகிற கோடு ஒன்றைக் காட்டி, இந்தச் சந்தைக்கு இனிமேல்தான் வளர்ச்சி என்றார். "ஒரே தடவையில விட்டவன் நமக்கு ஒரு தடவைதான் கஸ்டமர். விட்டுட்டுத் திரும்பவும் பிடிக்கிறான் பாருங்க, அவன்தான் நம்ம மார்க்கெட்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

என் அண்ணன் எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரிக்காடு வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. ஊரையெல்லாம் திருத்தக் கிளம்பியவன் வீட்டை விடலாமா என்று, சாம்பிள் அட்டைகளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு மெல்லு மென்றுவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், மருந்து கன்னத்துத் தோல் வழியாக இறங்கும் என்று டாக்டர்களிடம் சொல்வதைப் போலவே விளக்கினேன். ஆனால் எங்கள் பக்கத்தில் வாயில் போட்டு மெல்வது என்றால் அது வெற்றிலைதான். மென்றால் சாறு ஊறும், ஊறினால் துப்ப வேண்டும். அண்ணன் அதையும் விடாமல் மென்று, முந்திரி மரத்தடியில் புளிச் புளிச்சென்று துப்பிக்கொண்டிருந்தார்.

"துப்பாதீங்கண்ணே, மருந்தே அதுலதான் இருக்கு."

"ஒன் பபுள்கம்முல ஒரு மண்ணும் இல்லடா" என்று சொல்லிவிட்டு ஒரு பீடியைப் பற்ற வைத்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்போது அவர் காலுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

சில மாதத்தில் அவருடைய இடது கால் பெருவிரல் கறுத்தது. முள் குத்தியிருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டார்கள். பிறகு பத்தடி நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தஞ்சாவூரில் ரத்தக்குழாய் பார்க்கிற டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, பீடியால் குழாய் அடைத்திருக்கிறது, பீடி வேண்டுமா கால் வேண்டுமா, இரண்டில் ஒன்றுதான் என்றார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து நான் கொடுத்த சூயிங்கம் அட்டையை எடுத்துக் காட்டினார்.

"இந்த நோய்க்கு நிகோட்டினே ஆகாதுங்க. பீடியில போனா என்ன, சூயிங்கத்துல போனா என்ன? யாரு குடுத்தது இத?"

"கடையில வாங்குனதுங்க" என்றார் அண்ணன்.

நான் பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். ஊர் ஊராக விற்கிறவனுக்குத் தன் அண்ணனுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று கேட்கத் தோன்றவில்லை. டாக்டர் நிகோட்டின் இல்லாத ஒரு மாத்திரை எழுதினார். வேறு கம்பெனியுடையது.

அந்த மாத்திரையைத் தின்றால் கண்ட கண்ட கனவெல்லாம் வருகிறது என்று அண்ணன் புலம்பினார். ஒருநாள் சோற்றுத் தட்டை வாசலில் வீசினார். ஆனால் பீடியை விட்டுவிட்டார். மதினி தினமும் போன் செய்து, "இன்னைக்கும் தொடல தம்பி" என்பார். இரண்டரை மாதம் அப்படிப் போனது. விரல் புண் காய்ந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் நிற்காமல் நடந்து போய் வந்ததாக அண்ணனே போனில் சொன்னார். கால் பிழைத்துவிட்டது என்றே நான் நம்பினேன்.

அப்போதுதான் எங்கள் அப்பா இறந்து போனார். வயதானவர், தூக்கத்திலேயே போய்விட்டார். மூத்தவர் என்பதால் அண்ணன் பந்தலில் உட்கார வேண்டும். வாங்க வேண்டியதெல்லாம் என் பொறுப்பு. ஐஸ்பெட்டி, நாற்காலி, மாலை, வெற்றிலை பாக்கு, பீடி, சிகரெட், தீப்பெட்டி. யோசிக்காமலே வாங்கி வந்தேன். கேதம் கேட்க வருகிறவர்களுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலையும் பீடியும் வைக்காவிட்டால் எங்கள் பக்கம் அது பெரிய குறை. வருகிறவர்கள் முதலில் மூத்த மகனிடம்தான் கை கொடுப்பார்கள். அதனால் தாம்பாளத்தை அண்ணன் பக்கத்திலேயே, ஒரு ஸ்டூல் போட்டு வைத்தேன். வேறு யாரும் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

மத்தியானம் பங்காளிமுறைப் பெரியவர் ஒருவர் அண்ணன் அருகில் உட்கார்ந்து அழுதார். பிறகு தாம்பாளத்திலிருந்து பீடியை எடுத்துப் பற்ற வைத்துக்கொண்டு, இன்னொன்றை அண்ணன் பக்கம் நீட்டினார். "ஒண்ணு இழுப்பா. மனசு கொஞ்சம் ஆறும்." அவர் பாசத்தில்தான் சொன்னார்.

அண்ணன் என்னைத் தேடிப் பார்த்தார். நான் பந்தல் கால் ஓரத்தில் நின்றிருந்தேன். ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். அப்பா உள்ளே கிடக்க, அத்தனை பேர் முன்னால் அண்ணன் கையிலிருப்பதைப் பிடுங்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. தலையையாவது ஆட்டியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அவர் வாங்கிக்கொண்டார்.

காரியம் முடிவதற்குள் பழைய இரண்டு கட்டுக்கு வந்துவிட்டார். மாத்திரையை மறுபடியும் வாங்கிக் கொடுத்தேன்; இரண்டு நாளில் தூக்கிப் போட்டார். மதினி போன் செய்வது நின்றது. மழைக்காலம் முடிந்தபோது இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆபரேஷன் ஆன ஐந்தாம் நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வலது காலும் அதே நிலைமைலதான் இருக்கு. அதையாவது காப்பாத்திக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மதினி இட்லி வாங்கக் கீழே போனார். அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, கேட்டுக்கு வெளிய கொஞ்சம் வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போறியா? ஒங்க மதினி வாறதுக்குள்ள."

எதற்கென்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அண்ணன் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பா இறந்த அன்றைக்குக் கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. அவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, லுங்கியைக் கால் மேல் இழுத்து மூடிவிட்டு, தள்ளிக்கொண்டு போனேன்.