கல்மலைத் தோட்டத்து நாற்காலி

சென்ற சனிக்கிழமை காலையில் மரவள்ளி மாவுப் பசையின் வாசனை மாடிப்படி வழியாக மேலே ஏறி வந்தது. பினாங்கில், பாயான் பாருவில் மகள் வீட்டோடு இருக்கிறேன். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு பொதுக்கூடம் உண்டு. கல்யாணம், டியூஷன், கட்சிக் கூட்டம் எல்லாம் அங்கேதான். எட்டிப் பார்த்தேன். நான்கைந்து இளைஞர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் ஊர்ப்பெயர் எழுதிய காகிதச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எண்பதைக் கடந்த ஒருவன் பசை வாசனை தாங்காமல் படியில் உட்கார்ந்துவிடுவது அழகல்ல. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்களில் ஒருவன் குமரன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லாத ஒரு கட்சிக்காக லீவு போட்டு உழைக்கிறவன். மறுநாள் அவர்களுடைய தேசிய மாநாடு.

"தாத்தா, அந்தக் காலத்துல நீங்க மாநாடெல்லாம் நடத்துனீங்களாம்லா? எங்களுக்கு வருஷா வருஷம் இழுத்துக்கிட்டே போவுது. டைம்ல முடிக்க என்ன செய்யணும், சொல்லுங்களேன்."

இந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் பினாங்கில் இல்லை. அதனாலேயே அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் கட்சியின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது, ஆகவே எழுதவில்லை. அரசாங்கத் தாளில் அது சங்கம், எங்களுக்குள் கட்சி. ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மலாயா முழுவதும் கிளைகள் என்று மார்தட்டிக்கொள்வோம். சில கிளைகளில் செயலாளரும் அவருடைய மச்சானும் மட்டுமே இருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு மாநாடு, ஒவ்வோர் ஆண்டும் வேறு ஊர், மூன்று நாள். யாருக்கு முதலில் மாலை போடுவது என்பதிலேயே முதல் நாள் போய்விடும். இரண்டாம் நாள் ஒருவர் தம் தோட்டத்துக் கிணற்றைப் பற்றி மட்டும் ஒன்றரை மணி நேரம் பேசுவார், மேடையில் துணைத்தலைவர் குறட்டை விடுவார். மூன்றாம் நாள் ரயிலுக்கு நேரமாகிவிடும். தீர்மானங்களை ரயிலடியில் மூட்டை முடிச்சோடு நின்றபடி நிறைவேற்றிவிட்டுக் கலைவோம்.

எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. வயது இருபத்துமூன்று. பாதிரிமார் பள்ளிப் படிப்பு, பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை, அந்த வெயிலிலும் கழுத்தில் டை, சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரம். என்னைத் துணைச் செயலாளர் ஆக்கியதும் மாநாட்டையே புதிதாக அமைக்க ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். இனி பினாங்கில் மட்டும், அதுவும் ஒரே நாள். காலை ஒன்பதுக்குத் தொடக்கம், நான்குக்கு முடிவு. பேச ஐந்து நிமிடம், பிறகு மேசை மணி. பேச வேண்டிய விஷயங்கள் ஆறு வாரம் முன்பே எழுத்தில் வந்துவிட வேண்டும், வராதவற்றை எடுப்பதில்லை. வர முடியாத கிளைக்காகப் பினாங்கு உறுப்பினர் ஒருவர் அதன் நாற்காலியில் உட்காரலாம்.

தலைவர் துணி வியாபாரி. படித்துவிட்டு, "தம்பி, இது மாநாடு மாதிரி இல்லையே, ரயில்வே டைம்டேபிள் மாதிரியில்ல இருக்கு!" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றில் மட்டும் அவர் கைவைக்க விடவில்லை. அது பெயர் அழைப்பு. தொடக்கத்தில் கிளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்போம். அந்தக் கிளையிலிருந்து வந்தவர் எழுந்து நின்று, "வந்திருக்கிறோம்" என்பார். தனி ஆளாக வந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவர்களையும் அவர் கூட்டிக்கொண்டு வந்திருப்பதாகப் பொருள். இருபது கிளைகள் அப்படிச் சொன்னால்தான் விதிப்படி மாநாடு செல்லும்.

அந்த ஆண்டு பத்தொன்பதுதான் தேறின.

இருபதாவதாக நான் எழுதிக்கொண்டது கல்மலைத் தோட்டம். கெடா மாநிலத்தின் உள்ளே, ஆற்றைக் கடந்து போக வேண்டிய இடம். கிளைச் செயலாளர் வீராசாமி என்ற, ரப்பர்ப் பால்மரம் சீவும் தொழிலாளி. மாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கையில் அவருடைய கடிதம் வந்தது. எழுத்துக்கூட்டி எழுதியது. "அய்யா, தோட்டத்தை மூடிட்டாங்க. எங்களைப் பினாங்குக்குக் கொண்டாந்து கப்பலேத்தி ஊருக்கு அனுப்பப்போறாங்க. பதினோரு பேர்ல ஏழு பேருக்குக் காய்ச்சல். கப்பல் பயணம் உடம்பு தாங்காது. காய்ச்சல் விடற வரைக்கும் ஆஸ்பத்திரியிலே வைக்கச் சொல்லி மாநாட்டிலே பேசிக் கடுதாசி போடுங்க."

ஆறு வாரம் என்பது விதி. கடிதத்தைக் 'கெடு கடந்தவை' என்று எழுதிய உறையில் வைத்தேன். இவர்கள் எப்படியும் வரப்போவதில்லை, நாற்காலி காலி என்று கணக்கிட்டு, அதில் உட்காரக் காதர் அண்ணனை ஏற்பாடு செய்தேன்.

காதர் அண்ணன், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு விற்றவர். அந்தச் சாலையை அப்போது பிட் ஸ்திரீட் என்போம். மீன்தலைக் குழம்பு அவரிடம்தான். எங்கள் கட்சியில் அவர் சேர்ந்தது கொள்கைக்காகவா, மாநாட்டுச் சாப்பாடு தம்முடையதாக இருக்க வேண்டும் என்பதற்காகவா என்று நான் கேட்டதில்லை. நாற்காலிச் சீட்டுகளுக்கான பசையும் அவர் அடுப்பில்தான் காய்ந்தது.

"நான் கல்மலையைக் கண்ணால பார்த்ததில்லையே தம்பி. எழுந்து நின்னு வந்திருக்கோம்னு சொன்னா பொய்யாவாதா?"

"ஒரு வார்த்தைதானே அண்ணே. மாநாடே அதுலதான் நிக்குது."

துறைமுகத்துக்கு அருகே ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தோம். பகலில் நாடகக் கொட்டகை எப்படி இருக்கும் என்று தெரியுமா? மேடையில் மட்டும் வெளிச்சம் விழும். நான்காவது வரிசைக்குப் பின்னால் எல்லாம் சாம்பல் நிறம். மனிதர்கள் தெரிவார்கள், முகங்கள் தெரியாது. கல்மலைத் தோட்டத்து நாற்காலி ஆறாவது வரிசையின் ஓரத்தில்.

சரியாக ஒன்பதுக்குப் பெயர் அழைப்பைத் தொடங்கினேன். படிப்பதும் குறிப்பதுமாகத் தலை நிமிராமல் போய்க்கொண்டிருந்தேன். "கல்மலைத் தோட்டம்."

"வந்திருக்கிறோம்."

குறித்துக்கொண்டேன். மாநாடு செல்லும் என்று தலைவர் அறிவித்தார், கை தட்டினார்கள். பதினொரு மணிக்கு, தேநீர்ப் பானையோடு காதர் அண்ணன் என் காதருகே வந்தார்.

"கோவிச்சுக்காதே தம்பி. சோத்துப்பானையை இறக்கிட்டு வர்றதுக்குள்ள நேரமாயிடுச்சு. பேரு கூப்பிட்டாச்சா?"

"நீங்கதானே அண்ணே பதில் சொன்னீங்க?"

"நானா? நான் இப்பத்தானே உள்ள வரேன்."

மாநாடு நான்கு மணிக்கு முடிந்தது, நிமிடம் பிசகவில்லை. நாற்காலிகளை மடக்கும்போது ஆறாவது வரிசை ஓரத்தில் சீட்டு இல்லை. பிய்த்தெறிந்தது போல் இல்லை. ஈரம் வைத்துப் பொறுமையாக உரித்து எடுத்தது போல் நான்கு மூலையும் சுத்தமாக இருந்தது. நாற்காலியின் முதுகு நனைந்திருந்தது. காதர் அண்ணன் அதைத் தொடவில்லை.

அடுத்த ஆண்டு பட்டியலிலிருந்து கல்மலைத் தோட்டத்தை அடித்துவிட்டேன். அதே கொட்டகை, அதே ஒன்பது மணி. பட்டியலில் கல்மலைக்கு முன்னால் இருந்த பெயரைப் படித்தேன், பதில் வந்தது. அடுத்த பெயருக்குப் போக மூச்சு எடுத்தேன். அந்த இடைவெளியில், யாரும் கூப்பிடாமலே, ஆறாவது வரிசைப் பக்கமிருந்து வந்தது.

"வந்திருக்கிறோம்."

இந்த முறை ஒரு குரல் அல்ல. களைத்துப்போன சிலர் ஒன்றாகச் சொன்னது போல, கொஞ்சம் முன்னும் பின்னுமாக. முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நாற்காலியே போட்டிருக்கவில்லை. நல்ல காலை வெயில், வெளியே ரிக்‌ஷா மணி கேட்டுக்கொண்டிருந்தது. தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேல படிங்க தம்பி, மேல படிங்க" என்றார். பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினேன். மீதியை அவரே படித்தார்.

அதற்கடுத்த ஆண்டு பெயர் அழைப்பை நிறுத்தினேன். வாசலில் ஒரு புத்தகம், அதில் கையெழுத்து. நேரம் மிச்சமாகிறது என்று காரணம் எழுதினேன். இந்த முறை தலைவர் மறுக்கவில்லை. மற்றச் சங்கங்களும் அதைப் பார்த்து அப்படியே செய்தன.

இந்தக் கதையைக் காதர் அண்ணன் கடையில் பல வருடம் சொல்லியிருக்கிறேன். சாப்பிடுகிறவர்கள் சோற்றைப் பிசைகிற கை நின்றுவிடும். வீராசாமி மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பே தோட்டத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார், இறந்தவர்தான் வந்து பதில் சொன்னார் என்று முடிப்பேன். கேட்பவர்களுக்குச் சிலிர்க்கும். எனக்கு அப்பாடா என்று இருக்கும்.

அந்த ஒரு வாரம் பொய். நான் நகர்த்தி வைத்தது.

மாநாடு நடந்தது ஞாயிற்றுக்கிழமை. இந்தியா போகும் கப்பல் செவ்வாய்க்கிழமை. அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்தில் பயணிகள் பட்டியலைப் பிரதி எடுத்தவன் நானேதான். கல்மலைத் தோட்டம், பதினோரு பெயர்கள். வீராசாமியின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில், துறைமுகக் கொட்டடியில் திங்கட்கிழமை மரணம் என்று இருந்தது. மற்றவர்கள் கப்பலேறினார்கள். நாலு பேர் கரை சேரவில்லை என்று பின்னால் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீராசாமி உயிரோடு இருந்தார். கப்பலேறுகிறவர்களை வைத்திருந்த அந்தக் கொட்டடிக்கும் எங்கள் நாடகக் கொட்டகைக்கும் நடக்கிற தூரம்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நான் அவரைப் பார்த்தேன்.

பிற்பகல் இரண்டு மணி இருக்கும். நிகழ்ச்சி நிரலின் பதினோராவது அம்சம், கட்சிக் கொடியின் விளிம்பு எந்த நிறம் என்பது. ஆறாவது வரிசை ஓரத்தில், அந்தப் புழுக்கத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை. கம்பளி நடுங்கியது தெரிந்தது. ஒரு கை மேலே வந்தது. பேச அனுமதி கேட்கிற கை. யார் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஒருவரைப் பேச விட்டால் நான்கு மணி தப்பிவிடும் என்பதும் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன். மணியை அடித்தேன். பன்னிரண்டாவது அம்சத்தைப் படித்தேன். அந்தக் கை உடனே இறங்கவில்லை. நான் பதின்மூன்றாவதைப் படிக்கிற வரை அப்படியே நின்றது.

ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். கட்சிகூட வேண்டாம், கப்பல் கம்பெனிக் குமாஸ்தா நானே மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். பிழைத்திருப்பாரா, தெரியாது. இரண்டாம் ஆண்டு கேட்ட குரல்களுக்கு என்னிடம் இன்றுவரை விளக்கம் இல்லை. முதல் ஆண்டுக் குரலுக்கு இருந்தது. அதைத்தான் பேய் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குமரனிடம் கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன். "பேரைக் கூப்பிடுவீங்களாப்பா?"

"இப்ப யாரு தாத்தா கூப்பிடறா? வாசல்ல சைன் பண்ணிட்டு சாப்பாட்டு டோக்கன் வாங்கிக்குவாங்க."

"மத்தியானம் யாராச்சும் கை தூக்கினா, பேச விடு."

"ட்ரை பண்றேன் தாத்தா. ஹாலை அஞ்சு மணிக்குத் திருப்பிக் கொடுக்கணும்லா," என்று சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய மாநாடு ஐந்துக்கு முன்பே முடிந்தது. மேலே ஜன்னலோரம் இருந்து நாற்காலிகளை அடுக்கும் சத்தத்தைக் கேட்டேன். நாடகக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்களை நிறுத்துகிறார்கள். காதர் அண்ணனும் போய்விட்டார், கட்சியும் போய்விட்டது. எழுந்து நின்று ஓர் ஊரையே கூட்டி வந்ததாகச் சொல்கிற அந்தப் பழக்கத்தை நான்தான் ஒழித்தேன். வாசலில் இருக்கிற புத்தகத்தில் கையெழுத்துப் போடக் கல்மலைக்காரர்களால் முடியாது. ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு மாநாட்டுக்கு வந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று ஆறாவது வரிசையில் காத்திருந்துவிட்டுத் திரும்புகிறார்களோ என்னவோ, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.