ரெண்டு பேர் இருக்கோம்

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் யாருக்காவது உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டுமென்றால் என் கதவைத்தான் தட்டுவார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் வராது. தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கிய காலத்தில் மலாய் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

எதிர்வீட்டு விதவைக்கு மனுப் போட்டிருந்தோம். சம்பாதிக்கிற ஆள் வீட்டில் இருந்தால் உதவி கிடைக்காது. அதனால் சமூகநல அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அவர் வந்த நாளும் அவள் புருஷனின் திதி நாளும் ஒன்றாகப் போயிற்று.

நாற்காலியின் முதுகில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எதிரே வாழையிலையில் கோழிக்கறி, ஒரு போத்தல் பீர், புகைந்துகொண்டிருக்கும் சிகரெட். ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனாலும் புகை மேலே போகாமல் நாற்காலிப் பக்கமே சாய்ந்து சாய்ந்து போயிற்று.

அதிகாரி முக்காடு போட்ட சின்னப் பெண். சட்டையையும் சிகரெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று மலாயில் கேட்டாள்.

"டுவா ஓராங்," என்றாள் இவள். இரண்டு பேராம்.

"ஏம்மா இப்படிச் சொல்ற? கெடைக்காம போயிடும்லா!" என்று முணுமுணுத்தேன்.

"ஊமையாட்டம் இருக்கற நீங்க இப்பதான் பேசணுமாக்கா? சாப்பிட வந்து உக்காந்திருக்காரு. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்லவா? ஏற்கெனவே ரோஷக்காரரு."

அதிகாரி பேனாவை மூடிவிட்டாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, அவளை வெளியே நடைபாதைக்குக் கூப்பிட்டேன். இன்று அவர் இறந்த நாள், இதெல்லாம் அவருக்கு வைத்த படையல், இவள் தனியாள்தான் என்று காதோடு சொன்னேன். யாருக்குக் கேட்கக் கூடாதென்று அப்படி ரகசியமாகப் பேசினேனோ, தெரியவில்லை. அவளும் என்னை அத்தை முறை வைத்து, ரகசியமாகவே, "சரி மக்சிக், ஒரு ஆள் என்றே எழுதுகிறேன்," என்றாள்.

பையை எடுக்க மறுபடி உள்ளே போனாள். திரும்பும்போது, பெரியவர்கள் முன்னால் மலாய்ப் பிள்ளைகள் நடப்பார்களே, அப்படிக் குனிந்து, வலது கையைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள். நாற்காலிக்கு முன்னால் நேரே வரவில்லை. சுவரோரமாக ஒதுங்கி, எதையோ மிதித்துவிடாமல் சுற்றி வந்தாள். தரையில் ஒன்றுமே இல்லை.

உதவித்தொகை கிடைத்துவிட்டது. அவள் நன்றாக இருக்கிறாள்.

லோரி மோதியதிலிருந்து அவள் புருஷனால் ஒரு காலை மடக்க முடியாது. அதை நீட்டிப் போட்டுத்தான் உட்காருவார். நான் அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லவே இல்லை.