நாற்பதுக்குக் கீழே

கை ஓயாமல் கலக்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் எண்ணெயும் நீரும் சேர்ந்து வெள்ளைக் கிறீமாகத் திரண்டுவிட்டன. வெப்பமானிதான் அறுபதை விட்டு இறங்க மறுத்தது. நாற்பதுக்குக் கீழே வராமல், தோலைத் திருத்தத் தூண்டும் பெப்டைட் மருந்தைச் சேர்க்கக்கூடாது. சூடு பட்டால் அது வீண்.

கொக்குவிலில் வீட்டு முன்னறையில் அழகுநிலையம் நடத்தும் உதயகலா வாசலையும் வெப்பமானியையும் மாறிமாறிப் பார்த்தாள். வட்டுக்கோட்டை மக்டலீன் ரீச்சர் கொழும்பு ரயிலுக்குப் போகும் வழியில் வந்துவிடுவார். வெள்ளையாக்கும் கிறீமை வருடக்கணக்காகப் பூசி, கழுத்துத் தோல் மெலிந்து தொய்ந்துபோனவர். தேவாலயப் பாடகர் குழுவில் வெக்கையிலும் சால்வை சுற்றித்தான் நிற்பார். டொக்டர் அதை நிறுத்திய பிறகு உதயகலா கொடுத்த முதல் போத்தலில் தோல் சற்று இறுகியிருந்தது. இந்தமுறை நல்ல பலன் தெரியாவிட்டால் பழைய கிறீமுக்கே போய்விடுவேன் என்று ரீச்சர் சொல்லியிருந்தார்.

போத்தலைக் கொதிநீரில் கழுவிக்கொண்டு திரும்பியபோது, உதவிக்கு வந்திருந்த மச்சாள் குணலட்சுமி பெப்டைட் குப்பியைக் கிண்ணத்தில் கவிழ்த்து முடித்திருந்தாள்.

“ராகுகாலம் துடங்க முன்னம் விட்டிட்டன். நீ போத்தலோடை மினைக்கெட்டுக்கொண்டு நிண்டாய்.”

வெப்பமானி ஐம்பத்தெட்டில் நின்றது. கிறீமின் நிறமும் மணமும் மாறவில்லை.

“இதையே குடுவன். ரீச்சருக்கென்ன தெரியப்போகுது?”

“ரீச்சருக்குத் தெரியாது மச்சாள். தோலுக்குத் தெரியும்.”

குளிர்சாதனப் பெட்டியில் இன்னொரு குப்பியின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அரைப் போத்தலுக்குத்தான் காணும். உதயகலா எண்ணெயையும் நீரையும் புதிதாக அளந்து அடுப்பில் வைத்தாள். ராகுகாலத்தில் தொடங்குகிறாளே என்று குணலட்சுமி முணுமுணுத்தாள்.

“ராகு வந்தால் அவருக்கும் கொஞ்சம் பூசிவிடுவம். ஐஸைக் கொண்டாங்கோ.”

ஐஸ் தண்ணீரில் கிண்ணத்தை இறக்கிக் கலக்கும்போதே வாசலில் ஓட்டோ வந்து நின்றது. ரீச்சர் உள்ளே வந்து உட்காரவில்லை. சால்வை நுனியை முறுக்கியபடி நின்றார். ஓட்டோக்காரன் கோர்ன் அடித்தான். நாற்பத்தைந்து. நாற்பத்திரண்டு. உதயகலாவின் மணிக்கட்டு வலித்தது. முப்பத்தெட்டுக்கு வந்ததும்தான் குப்பியைத் திறந்தாள்.

“அரைப் போத்தல்தானே இருக்கு?” என்றார் ரீச்சர்.

முதலில் செய்தது சூட்டில் பழுதானதை உதயகலா மறைக்காமல் சொன்னாள். “மிச்சத்தை ஆரும் கொழும்புக்கு வரேக்கை குடுத்துவிடுறன். இது தோலைத் தைக்காது ரீச்சர். திருத்தச் சொல்லித் தோலுக்குச் சேதி சொல்லும், அவ்வளவுதான். வேலையைத் தோல்தான் செய்யோணும். அவசரப்பட்டுப் பழையதைத் தொட்டிடாதேங்கோ.”

ரீச்சர் சால்வையைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு கையை நீட்டினார். உதயகலா போத்தலைத் துடைத்து, மூடியை இன்னொருமுறை இறுக்கி, அந்தக் கையில் வைத்தாள்.